தள்ளிப்போன இதய அறுவைச் சிகிச்சைகள்

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு தொடங்கியபோது, தீவிரச் சிகிச்சைப் படுக்கைகளும் வென்டிலேட்டர்களும் கொரோனா நோயாளிகளுக்குத் தேவைப்பட்டதால், உடனடி ஆபத்தில்லாத அறுவைச் சிகிச்சைகள் பல இடங்களில் தள்ளிவைக்கப்பட்டன. ஆனால் இதயத் தமனி அடைப்பு எவருக்காகவும் காத்திருப்பதில்லை. பைபாஸுக்கு நாள் குறித்திருந்த என் அம்மானைக் காரைக்குடியிலிருந்து மதுரைக்கு அழைத்துச் செல்ல, ஊரடங்கில் மாவட்டம் தாண்டத் தேவைப்பட்ட இ-பாஸ் அனுமதி கிடைத்தபோது, சிகிச்சைத் தேதி மாறியிருந்தது. இடைப்பட்ட வாரங்களில் வீட்டின் உள்முற்றமான வளவிலிருந்து வாசல்பக்க முகப்புக்கு நடப்பதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

அவசரப்படுவதிலும் ஆபத்து இருந்தது. 24 நாடுகளின் 1,128 நோயாளிகளை ஆராய்ந்து 2020இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வின்படி, கொரோனா தொற்றுடன் பலவகை அறுவைச் சிகிச்சைகள் பெற்றவர்களில் 23.8 சதவீதத்தினர் 30 நாட்களுக்குள் இறந்தனர். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நுரையீரல் சிக்கல்கள் ஏற்பட்டன. இதய அறுவையின்போது இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் தற்காலிகமாகச் செய்யும் இதய நுரையீரல் இயந்திரம் உடலில் அழற்சியைத் தூண்டக்கூடியது என்பதால், தொற்றால் புண்பட்ட நுரையீரலுக்கு அது கூடுதல் சுமை. இயலுமானால் தொற்றுக்குப் பின் 7 வாரங்களேனும் பொறுத்திருப்பது நல்லது என்ற பரிந்துரை 2021இல் வந்தது.

என்னை மிகவும் வருத்துவது, மருத்துவமனைக்கே போகாதவர்களின் நிலை. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்க, பெரிய வீடுகளில் தனித்திருந்த நம் ஊர் முதியோர், தொற்றுக்கு அஞ்சி நெஞ்சுவலியை வாய்வு என்று பொறுத்துக்கொண்டார்கள். மாரடைப்பில் இரத்த ஓட்டம் தடைபடும் ஒவ்வொரு மணி நேரமும் இதயத் தசை மடிகிறது. தாமதித்து வருபவருக்குப் பின்னர் செய்யும் அறுவையும் கடினமாகிறது.