முற்றத்தில் கட்டிய மரம்

எங்கள் ஊரில் 'கட்டுமரம்' என்று முழுதாகச் சொல்ல மாட்டோம். 'மரம்' என்றாலே அதுதான். 2004 சுனாமிக்கு அப்புறம் குமரிக் கடற்கரையில் ஃபைபர் வள்ளங்கள் நிறைய வந்துவிட்டன. மரம் கட்டத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். அப்பாவுக்கு உடம்பு தளர்வதற்குள் கற்றுக்கொண்டுவிட வேண்டும் என்று போன வருஷம் வீட்டு முற்றத்திலேயே ஒன்று கட்டினேன்.

மூன்று தடி, 16 அடி நீளம், மலைவேம்பு. இதற்குக் கனமில்லாத மரம்தான் வேண்டும். ஒரு வருஷம் காய்ந்தது என்று மரக்கடையில் சொன்னதை நம்பி, அப்பாவைக் கூட்டிப்போகாமல் நானே வாங்கி வந்தேன்.

செதுக்கவே மூன்று வாரம் ஆனது. காலை அகட்டி நின்று மரம் செதுக்குகிற வாச்சியை நம்மை நோக்கி இழுத்துக் கொத்த வேண்டும். சீவல் அப்பளம் போல மெலிசாக வந்தால் சரி. கட்டியாக விழுந்தால் ஆழமாகப் போகிறது என்று அர்த்தம். அணியத்துப் பக்கம், அதாவது முன்முனை, ஒடுங்கி மேலே ஏற வேண்டும், அலையை ஏறிக் கடப்பது அந்த வளைவுதான். தடிகள் பொருந்துகிறதா என்று பார்க்க, ஒன்றின் பக்கவாட்டில் அப்பா கரியைத் தேய்த்து அடுத்ததோடு சேர்த்துத் தள்ளச் சொன்னார். கரி ஒட்டிய மேட்டை மட்டும் சீவினேன். இப்படி எத்தனை தடவை என்று கணக்கில்லை.

இதில் ஆணியே கிடையாது. கரையில் அலை அடிக்கிற அடிக்குக் கயிறு கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், ஆணி மரத்தைப் பிளந்துவிடும். இடுக்கை அடைக்கவும் வேண்டாம். ஏறுகிற தண்ணீர் அந்த வழியாகவே இறங்கிப் போகும். தண்ணீர் தேங்காது, தடியும் தானே மிதக்கும். அதனால்தான் கவிழ்ந்தாலும் மூழ்காது. முன்னும் பின்னும் குறுக்குக்கட்டை வைத்து, ராத்திரி முழுக்க ஊறிய தென்னங்கயிற்றால் கட்டினோம். நான் மரத்தில் கால் உதைத்து இழுக்க, அப்பா மரச்சுத்தியலால் ஒவ்வொரு சுற்றையும் தட்டி இறுக்கினார்.

கடலில் இறக்கியதும் மனசு விழுந்துவிட்டது. ஆள் ஏறுவதற்கு முன்பே தடிகள் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்ந்துவிட்டன. அப்பா கோடாலிக் காம்பால் ஒரு தட்டு தட்டினார், மந்தமான சத்தம். "உள்ள பச்சை மக்களே. அவுத்துப் போடு."

அவிழ்த்துப் போட முடிகிறதே, அதுதான் மரத்தின் பெருமை. நேர் வெயிலில் வெடிக்கும் என்பதால் ஓலைப்பந்தல் நிழலில் கட்டைமேல் ஏற்றி, மூன்று நாளைக்கு ஒருமுறை புரட்டிப் போட்டேன். ஐந்து வாரம் கழித்துத் தட்டியபோது கணீரென்று கேட்டது.

இரண்டாம் தடவை நானும் தம்பியும் கட்டினோம். அப்பா கயிற்றைத் தொடவே இல்லை, மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இறக்கினோம். இரண்டு பேர் ஏறியும் தடியின் மேல்பகுதி தண்ணீருக்கு வெளியே நின்றது. அன்றைக்குக் கொஞ்சம் சாளை மீன் கிடைத்தது. கரைக்கு வந்ததும் முதல் வேலையாகக் கயிற்றை அவிழ்த்து, மூன்று தடியையும் தனித்தனியாகக் காயப்போட்டேன்.