பிரிதியில் ஓர் இரவு

பத்ரிநாத் போகிறவர்களுக்கு ஜோஷிமட் டீ குடிக்கிற இடம். போன முறை நாங்களும் டீ குடித்துவிட்டு வண்டி ஏறியவர்கள்தான். திருமங்கையாழ்வார் பத்துப் பாசுரம் பாடிய திருப்பிரிதி அதுதான் என்று ஊர் திரும்பிய பிறகு அம்மா சொன்னபோது நாக்கைக் கடித்துக்கொண்டேன். இந்த முறை அம்மாவையே அழைத்துக்கொண்டு போய் ஓர் இரவு அங்கே தங்கினோம்.

ரிஷிகேஷிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர். ஒரு பகல் முழுக்கப் போய்விடும். கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரத்தில், சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர். கீழே விஷ்ணுபிரயாகையில் தௌளிகங்கை அலக்நந்தாவோடு கலக்கிறது. தெரு என்றால் பாதி படிக்கட்டு. அம்மாவின் முழங்கால் என்னைத் திட்டியது.

தங்கிய வீட்டம்மா சுவரில் ஓடிய விரிசலைக் காட்டினார். 2023 ஜனவரியில் ஊர் நிலம் இறங்கி, 800-க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் பிளந்தனவே, அப்போது விழுந்தது. பழைய நிலச்சரிவு மண்ணின் மேல் இருக்கும் ஊர் இது, பெரிய கட்டுமானம் தாங்காது என்று 1976-லேயே அரசு அமைத்த மிஸ்ரா குழு சொல்லியிருந்தது. யார் கேட்டார்கள்? அந்த அம்மாவின் தங்கை குடும்பம் அப்போது வீட்டைக் காலி செய்து போனதுதான், இன்னும் திரும்பவில்லை. ஆனால் பத்ரியில் நடை சாத்தியதும் ஆதிசங்கரர் கத்தி குளிர்காலத்துக்கு இங்கே நரசிங்கர் கோயிலுக்கு இறங்கி வருமே, அன்றைக்கு மட்டும் தவறாமல் வந்துவிடுவார்களாம். கத்தி என்றால் பீடம். எனக்கும் முதலில் வேறுவிதமாகத்தான் புரிந்தது.

மறுநாள் விடியலில் படியிறங்கினோம். நரசிங்கர் சாளக்கிராமத் திருமேனி, சிறியவர்தான். அவருடைய ஒரு மணிக்கட்டு வரவர மெலிகிறதாம். அது அற்று விழுகிற நாளில் ஜயன், விஜயன் என்ற இரு மலைகளும் சேர்ந்து பத்ரி வழி அடைபடும், அப்புறம் பெருமாள் சேவை பவிஷ்ய பத்ரியில், அதாவது வருங்கால பத்ரியில்தான் என்பது ஐதீகம். முந்தின இரவு அந்தச் சுவரைப் பார்த்த பிறகு இதைக் கேட்க வயிற்றைக் கலக்கியது.

அம்மா பாசுரம் முழுவதும் மெல்லிய குரலில் சொல்லி முடித்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

"மணிக்கட்டு தெரிஞ்சுதாம்மா?"

"வஸ்திரம் சாத்தியிருக்கு, ஒண்ணும் தெரியலை. நல்லதுதான், வா."