பூச்சுக்கு முந்தைய நாட்கள்

பிப்ரவரி 3

வீட்டின் பின்பக்கம் சேர்த்துக் கட்டிய அறையின் சுவர்கள் எழும்பி ஒரு மாதம் ஆகிறது. மூன்று சுவர்கள் புதுச் செங்கல். நான்காவது சுவர் இதுவரை வீட்டின் வெளிச்சுவராக இருந்து, இப்போது அறைக்குள் வந்துவிட்டது. வெறும் கண்ணுக்கு நான்கும் நேராகத்தான் தெரிந்தன. இன்று காலை கொத்தனார் நீளமான சுவரின் இரு முனைகளிலும் ஆணியடித்து, பூச்சின் முகம் வர வேண்டிய கோட்டில் நூலை இழுத்துக் கட்டியதும் உண்மை தெரிந்துவிட்டது. சன்னலுக்குப் பக்கத்தில் துருத்தி நிற்கும் இரண்டு செங்கற்களுக்கும் நூலுக்கும் இடையே 12 மில்லிமீட்டர். அங்கிருந்து நான்கடி தள்ளி, சுவரின் நடுப்பகுதியில் 34 மில்லிமீட்டர்.

சுவர் கட்டும்போது நூல் பிடிப்பது வெளிப்பக்கத்தில். செங்கற்களின் அளவு சற்று முன்பின்னாக இருப்பதால், அந்த வேறுபாடு முழுவதும் உட்பக்கம் வந்து சேர்ந்துவிடுகிறது. ஆகவே இதைக் கட்டிய கையின் குறை என்று சொல்வது நியாயமில்லை.

பிப்ரவரி 4

34 மில்லிமீட்டர் பள்ளத்தையும் பூச்சிலேயே நிரவிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். எனக்கு அதில் சம்மதமில்லை. ஒரே தடவையில் அவ்வளவு கனமாக அப்பிய கலவை தன் எடையாலேயே கீழே சரியும்; சரியாமல் நின்றாலும், கனமான இடம் ஒரு விதமாகவும் மெல்லிய இடம் வேறு விதமாகவும் உலர்ந்து சுருங்குவதால் விரிசல் விடும். துருத்திய இரண்டு செங்கற்களையும் உளியால் 8 மில்லிமீட்டர் செதுக்கினோம். நூலையும் அதே அளவு உள்ளே தள்ளிக் கட்டியதும் பள்ளத்தின் ஆழம் 26 ஆகக் குறைந்தது. அதில் 14 மில்லிமீட்டரை முன்கூட்டியே அடைத்துவிட்டால், பூச்சு சுவர் முழுவதும் ஒரே சீராக 12 மில்லிமீட்டர் கனத்தில் அமையும். மாலையிலேயே அடைத்தோம்.

பிப்ரவரி 5

அடைத்த இடத்தைச் சுத்தியலின் கைப்பிடியால் தட்டினேன். ஓரங்களில் கெட்டியான ஓசை வந்தது; நடுவில் காலிப் பானையைத் தட்டியது போல ஒலித்தது. கரணையின் முனையை விட்டு நெம்பியதும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு அப்படியே கழன்று வந்தது. அதன் பின்புறம் முழுவதும் செங்கல் தூள் மாவு போலப் படிந்திருந்தது. செதுக்கிய தூளைத் துடைக்காமலும் சுவரை நனைக்காமலும் அவசரப்பட்டுவிட்டோம்; கலவை தூளைப் பற்றிக்கொண்டதே தவிரச் சுவரைப் பற்றவில்லை, அதிலிருந்த நீரையும் காய்ந்த செங்கல் உறிஞ்சிவிட்டது. பிழை என்னுடையதும்தான், ஏனெனில் இருட்டுவதற்குள் முடிக்கச் சொன்னவன் நான்.

அனைத்தையும் உரித்தெடுத்து, செங்கல் இடுக்குகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீர் தெளித்து, மேற்பரப்பில் நீர் மினுங்காமல் ஈரம் மட்டும் நிற்கும்வரை காத்திருந்து மறுபடியும் அடைத்தோம். கலவை இறுகுவதற்கு முன், அடுத்த பூச்சுக்குப் பிடிமானமாகக் கரணை முனையால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டோம்.

பிப்ரவரி 6

அடைத்த இடங்களுக்குத் தண்ணீர் விட்டதைத் தவிர வேறு வேலை இல்லை.

பிப்ரவரி 7

பழைய வெளிச்சுவர்தான் இந்த அறையிலேயே அதிகம் சிரமம் தந்த சுவர். அதன்மேல் தண்ணீர் தெளித்தால் பெயின்ட் மீது துளித்துளியாக உருண்டு ஓடியது. நீரே ஒட்டாத இடத்தில் கலவை எப்படி ஒட்டும்? பெயின்ட்டைச் சுரண்டி, தட்டும்போது பொள்ளலாக ஒலித்த பழைய பூச்சைச் செங்கல்வரை உடைத்தெடுத்து, கெட்டியாக இருந்த பகுதியை நெருக்கமாகக் கொத்திவிட்டோம். கான்கிரீட் தூண்களின் வழவழப்பான முகத்தையும் கொத்தி, சிமென்ட்டும் கரடுமுரடான மணலும் கலந்த நீர்த்த கலவையைக் கரணையால் விசிறியடித்தோம். அதை மட்டப்படுத்தக் கூடாது. அந்தச் சொரசொரப்புதான் நமக்குத் தேவை.

தூணும் செங்கலும் சேரும் கோடுகளில், இரு பக்கமும் 15 சென்டிமீட்டர் படியுமாறு கோழிவலையை அடித்தோம். பழைய வீடும் புதிய அறையும் சந்திக்கும் மூலையில் மட்டும் வலை வேண்டாம் என்று முடிவு செய்தேன். புது அடித்தளம் இன்னும் சிறிது அமரக்கூடும். அந்த அசைவை வலையால் தடுக்க முடியாது. அங்கே பூச்சை நேர்க்கோடாக வெட்டி இடைவெளி விடுவதே நேர்மையான தீர்வு என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 9

மின்குழாய்க்காக வெட்டிய காடிகளை அடைத்தாயிற்று. சுவிட்ச் பெட்டிகளின் விளிம்பு பூச்சின் முகத்தோடு சமமாக வரும்படி வைத்து, உள்ளே கலவை விழாமலிருக்கக் காகிதம் திணித்தோம்.

பிறகு மட்டப்புள்ளிகள் வைத்தோம்; பூச்சு எவ்வளவு கனம் வர வேண்டும் என்று காட்டும் சிறு கலவைத் திட்டுகள் இவை. முதலில் மேலே ஒன்று. அதிலிருந்து தூக்குக்குண்டு விட்டு நேர் கீழே ஒன்று. இரண்டுக்கும் நடுவே இன்னொன்று. பூச்சை இழுத்துச் சமன்செய்யும் மட்டப்பலகை எட்டும் தூரத்துக்குள் இப்படி அடுத்தடுத்த வரிசைகள். மூலை சரியான செங்கோணமா என்று அறிய, ஒரு சுவரில் 90 சென்டிமீட்டரும் மறு சுவரில் 120 சென்டிமீட்டரும் குறித்து, குறிகளுக்கு இடையே நாடா பிடித்தோம். 150 வர வேண்டும், 151 வந்தது. ஒரு சுவரின் கடைசி வரிசைப் புள்ளிகளைச் சற்றுக் கனமாக்கி அதைச் சரிசெய்தோம்.

பிப்ரவரி 11

புள்ளிகள் இறுகிவிட்டன. சாயங்காலம் மட்டப்பலகையை ஒவ்வொரு வரிசையாக வைத்துப் பார்த்தேன். எந்த இடத்திலும் ஆடவில்லை. நாளை காலை கலவை போடுவதாகக் கொத்தனார் சொல்லியிருக்கிறார். சுவர்களை நனைத்துவிட்டு, காலையில் வந்ததும் இன்னொரு முறை லேசாகத் தெளிக்க வாளியையும் தென்னை மட்டைப் பிரஷ்ஷையும் வாசலிலேயே வைத்திருக்கிறேன்.