கலுங்கிலிருந்து கடல் வரை

வைகை நீர் பார்த்திபனூர் மதகணையில் இடது, வலது கால்வாய்களுக்குப் பிரிந்து, எஞ்சியது இராமநாதபுரம் பெரிய கண்மாயில் தேங்கி, அது நிரம்பிய பிறகே கலுங்கு எனப்படும் உபரிநீர் வழியும் அமைப்பின் வழியாகக் கடலை நோக்கிச் செல்கிறது. வடகிழக்குப் பருவமழையின்போது நீர்வளத்துறையினர் எடுக்க வேண்டிய முடிவு கடினமானது: ஐப்பசியிலேயே கண்மாயை முழுதாக நிரப்பிவிட்டால், கார்த்திகைப் பெருமழைக்கு இடமின்றிக் கரை உடையக்கூடும், முன்கூட்டியே திறந்துவிட்டாலோ, மழை பொய்க்கும் ஆண்டில் நெற்பயிர் கருகும். வறட்சியை அறிந்த மாவட்டத்தினர் நீரைத் தேக்கவே விரும்புவர், அது நியாயமே. ஆனால் கடலோர நிலம் ஏறக்குறையச் சமதளம் என்பதால், புயலில் கடல் மட்டம் உயரும்போது வெள்ளம் வடியாமல் ஊருக்குள் நிற்கும். எனவே, கரையைப் பலப்படுத்துவதற்கும் முன்னதாக, வடிகாலில் மண்டிய சீமைக்கருவேலத்தைப் புரட்டாசிக்குள் அகற்ற வேண்டும் என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை கொண்டதெனப் புகழப்படும் இராஜசிங்கமங்கலம் கண்மாய்க்கும் இதுவே பொருந்தும்.