தோல் தெரிகிறதா?

பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் நிற்கிறாள். சுடிதார், தோளில் ஒரு பை, துப்பட்டாவை ஒழுங்காக மடித்துப் பின் குத்தியிருக்கிறாள். எதிர்ப்பக்கத்திலிருந்து அவளுக்குத் தெரியாமல் யாரோ எடுத்த படம். கீழே 'சூப்பர் ஐட்டம், கூப்பிட்டுப் பாருங்க' என்று எழுதி, ஒரு கைபேசி எண்.

அது என் திரைக்கு வந்தபோது இரவு இரண்டரை மணி. சமூக வலைத்தளத்தில் பார்வைக்கு வரும் ஒரு பதிவை வைப்பதா, எடுப்பதா என்று முடிவு செய்வதுதான் என் வேலை. ஒவ்வொரு பதிவும் ஒரு டிக்கெட். ஒரு டிக்கெட்டை முடிக்க எங்களுக்குச் சராசரியாக 40 விநாடி. நிர்வாணம்? இல்லை. பாலுறவுக் காட்சி? இல்லை. உடலை விற்கும் விளம்பரமா? அதற்கு வெளிப்படையான அழைப்பு இருக்க வேண்டும் என்பது விதி. 'ஐட்டம்' என்றால் என்ன என்று தமிழ் தெரிந்த எவருக்கும் தெரியும். ஆனால் விதிப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அதை எழுதியவர்களுக்கு ஐட்டம் என்றால் பொருள், சாமான். தொலைபேசி எண்? எண்ணுக்குச் சொந்தக்காரரே புகார் செய்தால்தான் எடுக்கலாம். 'விதிமீறல் இல்லை' என்ற பொத்தானை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

அதே வாரம் இன்னொரு படம். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், தன் கணக்கில் தானே போட்டது. ஒரு பக்கம் மார்பகத்தை எடுத்த தழும்பு, மறுபக்கம் மறைக்கப்படவில்லை. 'மூணு வருஷம் ஆச்சு, இன்னும் இருக்கேன்' என்று எழுதியிருந்தார். நிர்வாணம் என்று குறித்து நீக்கினேன். தரச் சோதனைக்காரர்கள் இரண்டு முடிவுகளையும் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டும் சரி என்று மதிப்பெண் வந்தது. அந்த மாதம் என் துல்லியம் 98 சதவீதம்.

புற்றுநோய்த் தழும்புக்கு விலக்கு உண்டு என்பது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். பயிற்சியில் அந்தப் பக்கத்தை யாரும் காட்டவில்லை, நானும் தேடிப் படிக்கவில்லை. 40 விநாடியில் எதைத் தேடுவது?

இது சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையில், நான் இரண்டு வருடம் பார்த்த வேலை. தமிழ்ப் பதிவுகளைப் பார்த்து வைக்கலாமா, எடுக்கலாமா என்று சொல்லும் வேலை. எங்கள் வரிசையில் பாதிக்கு மேல் பெண்கள். கேப் வந்து கூட்டிப்போகும், விடிந்ததும் வீட்டு வாசலில் இறக்கிவிடும். என்ன வேலை என்று கேட்டால் 'டேட்டா' என்று சொல்லுவோம். அம்மா இன்றுவரை நான் ஏதோ கணக்கு எழுதியதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது திரும்பிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. அந்த இரண்டு வருடமும் என்னிடம் விதவிதமாகக் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: தோல் தெரிகிறதா? எவ்வளவு தெரிகிறது, காம்பு தெரிகிறதா, துணி ஒட்டியிருக்கிறதா, நிழலா, நிஜமா. படத்தில் இருக்கிறவள் அதற்கு ஒப்புக்கொண்டாளா என்ற கேள்வி மட்டும் எந்தப் பெட்டியிலும் இல்லை. ஒருத்தியின் உடம்பை நல்லபடி காட்டுவதற்கும் அசிங்கப்படுத்துவதற்கும் நடுவே இருக்கும் ஒரே கோடு அவள் சம்மதம்தான். அதைத் தொடாமல் ஓர் ஒழுங்குமுறையையே கட்டியிருந்தார்கள்.

தழும்புப் படம் எனக்கு மட்டும் நடந்த பிழை இல்லை என்று பிறகு தெரிந்தது. 2020 அக்டோபரில் பிரேசிலில் ஒருவர் மார்பகப் புற்றுநோய் அறிகுறிகளை விளக்கி இன்ஸ்டாகிராமில் எட்டுப் புகைப்படங்களோடு ஒரு பதிவு போட்டார். ஐந்தில் பெண்ணின் முலைக்காம்பு தெரிந்தது. இயந்திரம் தானாகவே அதை நீக்கியது, மனிதர் யாரும் பார்க்கவில்லை. புற்றுநோய் விழிப்புணர்வுக்கு அனுமதி உண்டு என்று இன்ஸ்டாகிராமை நடத்தும் முகநூல் நிறுவனத்தின் விதியிலேயே இருந்தது. அந்த நிறுவனத்தின் நீக்க முடிவுகளை மறுபடி ஆராயும் மேற்பார்வை வாரியம் 2021 ஜனவரியில் நீக்கியது தவறு என்று தீர்ப்புச் சொன்னது. ஆணின் காம்பை விட்டுவிட்டுப் பெண்ணின் காம்பை மட்டும் துரத்தும் இயந்திரம் பெண்களின் பேச்சைத்தான் அதிகம் அடைக்கும் என்றும் சொன்னது. படித்தபோது கொஞ்சம் ஆறுதல், கொஞ்சம் வெட்கம். அந்த இயந்திரம் செய்ததைத்தான் நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தேன்.

சொற்களின் கதை தனி. எங்களிடம் ஒரு கீவேர்ட் பட்டியல் இருந்தது. அதில் உள்ள சொல் வந்தால் பதிவு தானாக வரிசைக்கு வந்துவிடும். 'மார்பு' இருந்தது. ஆகவே 'மார்புச்சளிக்குக் கற்பூரவல்லிச் சாறு' என்ற பாட்டி வைத்தியம் எங்களுக்கு வந்தது. இரவு ஷிப்டில் சிரித்தோம். 'காம்பு' இருந்தது, கத்தரிக்காய் சமையல் குறிப்புகள் வந்தன. சிரிப்பு வராதவையும் வந்தன. பிள்ளை பெற்றுப் பதினைந்து நாளான ஒருத்தி, 'பால் கட்டிக்கிச்சு, காம்பு வெடிச்சு ரத்தம் வருது, யாராச்சும் சொல்லுங்க' என்று ஒரு குழுவில் கேட்டது. நான் பார்ப்பதற்குள் அந்தப் பதிவு ஆறு மணி நேரம் மறைந்து கிடந்திருந்தது. ஆனால் ஐட்டம், பீஸ், சரக்கு, மேட்டர்? இவை பட்டியலில் இல்லை. அகராதியில் இவை யாரையும் புண்படுத்தும் சொற்கள் இல்லையே. பெண்ணை இழிவுபடுத்த நம் ஊர் ஆண்கள் உடலுறுப்புப் பெயரைச் சொல்வதே குறைவு. பெண் தன் உடம்புக்கு வைத்தியம் கேட்கும்போதுதான் அந்தப் பெயர்கள் தேவைப்படுகின்றன.

வடிகட்டியை இறுக்கினால் தப்பானது குறையும் என்று டீம் லீட் சொல்லுவார். அமெரிக்காவில் கைசர் குடும்ப அறக்கட்டளை 2002-இலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. பள்ளி, நூலகக் கணினிகளில் இருக்கும் வடிகட்டிகளைத் தளர்வாக வைத்தபோது ஆபாசத் தளங்களில் 87 சதவீதம் அடைபட்டது. மிக இறுக்கமாக வைத்தபோது 91. உடல்நலத் தளங்களோ தளர்வில் 1.4 சதவீதம் அடைபட்டன, இறுக்கத்தில் 24. நான்கு புள்ளி லாபத்துக்கு நாலில் ஒரு பங்கு மருத்துவத் தகவல் காலி. என்னிடம் இருந்த பட்டியலும் அப்படித்தான் வளர்ந்துகொண்டே போனது.

2019 மார்ச் மாதத்தை மறக்க முடியாது. பொள்ளாச்சி விவகாரம் வெளியே வந்த வாரம். பெண்களைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு மிரட்டியே வருடக்கணக்கில் வாயை அடைத்திருந்தார்கள். வெளியே வந்த பிறகு, பெண் அலறும் காணொளித் துண்டு ஒன்று நியாயம் கேட்பதாகச் சொல்லிக்கொண்டே பகிரப்பட்டது. எங்களில் ஒருத்தி, மதுரைப் பெண், ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போனவள் அன்று திரும்பி வரவில்லை. வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலேயே புகார் கொடுத்த பெண்ணின் பெயர் வெளியானது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் கோவை மகளிர் நீதிமன்றம் சாகும்வரை ஆயுள் தண்டனை விதிக்க 2025 மே 13 ஆனது.

நான் வேலையை விட்டேன். வீரமெல்லாம் இல்லை, தூக்கம் போய்விட்டது, அவ்வளவுதான். அப்புறம் பெண்கள் உடல்நலத்துக்காகத் தொலைபேசி ஆலோசனை தரும் ஒரு சிறிய அமைப்பில் சேர்ந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தது போல இருந்தது. நாங்கள் போடும் பதிவுகளை இப்போது வேறு யாரோ 40 விநாடியில் பார்த்தார்கள்.

வெள்ளைப்படுதல் பற்றி எழுதிய விளம்பரம் 'வயது வந்தோருக்கான பொருள்' என்று திரும்பியது. உறவின்போது வலி பற்றியதும் அப்படியே. ஆண்மைக் குறைவுக்கான லேகிய விளம்பரங்கள் மட்டும் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். வெளிநாட்டிலும் இதே கதைதான். 2022 ஜனவரியில் 'சென்டர் ஃபார் இன்டிமசி ஜஸ்டிஸ்' என்ற அமைப்பு, பெண்கள் உடல்நலம் சார்ந்த 60 நிறுவனங்களை விசாரித்து அறிக்கை வெளியிட்டது. அறுபதுக்கும் முகநூல், இன்ஸ்டாகிராமில் விளம்பரம் மறுக்கப்பட்டிருந்தது.

கருக்கலைப்பு இன்னும் சிக்கல். 1971 முதல் சட்டப்படி செய்துகொள்ளலாம். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் திருமணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரையிலான அதே உரிமை உண்டு என்று சொல்லிவிட்டது. ஆனால் தொலைபேசியில் வரும் முதல் கேள்வியே 'கலைச்சா போலீஸ் பிடிக்குமா அக்கா?' என்பதுதான். ஸ்கேன் சென்டர் சுவரில் பார்த்த 'பாலினம் அறிவது குற்றம்' பலகை, மனசில் 'கலைப்பது குற்றம்' என்று பதிந்துவிடுகிறது. பாலினத் தேர்வைத் தடுக்கும் சட்டம் அவசியமானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 2016-இல் அந்தச் சட்டம் பற்றிய உச்ச நீதிமன்ற வழக்கில், பாலினத் தேர்வு தொடர்பான சில சொற்களைத் தேடினாலே ஒன்றும் வராமல் தேடுபொறிகள் தானாக அடைக்க வேண்டும் என்று முடிவானபோது, என் கீவேர்ட் பட்டியல்தான் நினைவுக்கு வந்தது. அந்தச் சட்டத்தில் விளம்பரத்தைத் தடுக்க வைத்த பிரிவு சொல்லைத் தடுக்கும் வேலியாகிறது. சொல் தேடுகிறவளின் நோக்கம் அதற்கு எப்படித் தெரியும்?

சட்டமும் தோலைத்தான் பார்க்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67A பிரிவுகள் காமத்தைத் தூண்டுகிறதா, வெளிப்படையான பாலுறவா என்று கேட்கும். சம்மதம் என்ற சொல்லே அவற்றில் கிடையாது. 66E மட்டும் கேட்கிறது, அதுவும் அந்தரங்க உறுப்பு தெரிந்தால்தான். எங்களை அழைக்கும் பெண்களில் பலர் காவல் நிலையம் போகாததற்கு இதுதான் காரணம். 'நானும்தானே அவனுக்கு அனுப்பினேன், என் மேலயே கேஸ் வருமா?' வராது என்று என்னால் முழு நம்பிக்கையோடு சொல்ல முடியவில்லை. அனுப்பியவர் யாராயினும் என்றுதான் சட்டத்தில் எழுதியிருக்கிறது.

கொஞ்சம் நல்லதும் நடந்திருக்கிறது. 2021 விதிகள், படத்தில் இருப்பவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் செய்தால் 24 மணி நேரத்தில் எடுக்க வேண்டும் என்றன. அரைகுறை ஆடை, நிர்வாணம், பாலுறவு, ஒட்டு வேலை செய்த படம், இவை அதில் அடங்கும். 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரின் காணொளி தளம் தளமாகப் பரவிய வழக்கில், 48 மணி நேரத்தில் அகற்றும்படி மத்திய அரசுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சம்மதமில்லாத அந்தரங்கப் படங்கள் பரவாமல் தடுக்க உதவும் ஸ்டாப்என்சிஐஐ என்ற சேவையில் படத்தை யாரிடமும் கொடுக்காமல், அதன் எண் வடிவ ரேகையை மட்டும் கொடுத்தால் போதும். இதை நான் ஃபோனில் சொல்லும்போது அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்கும்.

போன வருடம் திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள். கல்யாண வீட்டில் பட்டுப்புடவையில் நிற்கும் அவள் படம். கீழே அதே சொல், அதே மாதிரி ஓர் எண். புகார் செய்திருந்தாள். 'எங்கள் விதிகளை மீறவில்லை' என்று பதில் வந்திருந்தது.

"யாருக்கா பாத்துட்டு இப்படிச் சொல்றாங்க? தமிழ் தெரிஞ்சவங்களா?"

தெரிஞ்சவங்கதான் என்றேன். அதற்கு மேல் சொல்ல வரவில்லை. புடவை கழுத்துவரை மூடியிருக்கிறது, அப்போதிருந்த 24 மணி நேர விதிக்குள் அது வராது. எந்தப் பெட்டியில் போட்டால் போகும் என்று எனக்குத் தெரியும்.

"அந்த நம்பர் உன்னோடதா?"

"ஆமாக்கா."

"படத்தைப் பத்தி எதுவும் எழுதாத. 'என் தொலைபேசி எண்ணை அனுமதி இல்லாமல் வெளியிட்டிருக்கிறார்கள்'னு மட்டும் போடு."

மறுநாள் காலை பத்து மணிக்குள் பதிவு போய்விட்டது. நன்றி சொல்ல அழைத்தவள், வந்த பதிலை வாசித்துக் காட்டினாள். தனிநபர் தகவல் வெளியானதற்காக நீக்கியிருந்தார்கள். "என்னைப் பத்தி ஒண்ணுமே இல்லையேக்கா" என்றாள்.