அக்காவும் காபி டம்ளரும்

அக்காவுக்கு மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் (எம்.எஸ்.) என்ற, நரம்பின் உறை அரிபடும் நோய் வந்து பன்னிரண்டு வருஷம். இப்போதெல்லாம் கை நடுங்கி, காபி டம்ளர் வாய்க்குப் போவதற்குள் பாதி சேலையில். 'மூளையில் ஆபரேஷன் பண்ணினால் குணமாகிவிடுமாமே' என்று சொந்தக்காரர்கள் வாட்ஸப்பில் வீடியோவாக அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

குணமாகாது. மூளையின் ஆழத்தில் இருக்கும் தலாமஸ் என்ற பகுதியில் மின்முனை வைத்து நடுக்கத்தை அடக்கும் முறை, 1987-ல் பிரான்சின் கிரெனோபிளில் மூளை அறுவை மருத்துவர் பெனாபிட்டின் குழு தொடங்கியது. பெரும்பாலும் பார்க்கின்சன் மாதிரி நடுக்கங்களுக்குத்தான். எம்.எஸ். உள்ளவர்களில் சிலருக்குக் கைநடுக்கம் குறையும். நாளாக ஆக அந்தப் பலனும் மங்கலாம். தள்ளாட்டம், சோர்வு, பார்வைக் கோளாறு எதையும் அது தொடாது. நரம்பின் உறை அரிபடுவதும் நிற்காது.

எல்லாம் கேட்டுவிட்டு அக்கா, "முழிச்சிருக்கும்போதேவா மண்டையில் வேலை செய்வாங்க?" என்றாள். ஆமாம், பல இடங்களில் அப்படித்தான், நடுக்கம் குறைகிறதா என்று நடுவில் சுருள் வரையச் சொல்லிப் பார்ப்பார்கள் என்றேன்.

"சுருள் எதுக்கு? சிக்குக் கோலமே போட்டுக் காட்டுறேன்!"