ஃபேன் ஐந்திலிருந்து பூஜ்யம் வரை: காதிரைச்சல் நாட்குறிப்பு

2025 ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. தெருவுக்கொரு அம்மன், அம்மனுக்கு நாலு குழாய் ஸ்பீக்கர். இன்று ராத்திரி ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு நாளை காலை காதுக்குள் ‘கொய்ங்’ என்று ஒரு சத்தமும், பஞ்சு அடைத்தாற்போல ஒரு மந்தமும் இருக்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். அடங்கிவிட்டதே என்று அடுத்த வெள்ளியும் அதே இடத்தில் போய் நிற்கக் கூடாது.

ஒரு வாரம் தாண்டியும் இந்தக் காதிரைச்சல் அடங்காமலிருந்தால் கேட்புச் சோதனை எடுக்க வேண்டும். சில நிலைகளில் ஒரு வாரம்கூடப் பொறுக்கக் கூடாது. இரைச்சலோடு ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றே ஈ.என்.டி. டாக்டரிடம் போக வேண்டும். உள்காது நரம்பு திடீரென்று தளர்ந்த கேஸ்களில் ஸ்டீராய்டை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் எதிர்பார்க்க முடியும். முதல் சில நாள் இன்னும் நல்லது. ‘சளி அடைச்சிருக்கும்’ என்று ஆவி பிடித்தே அந்த இரண்டு வாரத்தையும் தொலைப்பவர்கள் நிறைய. நாடித் துடிப்போடு சேர்ந்து ‘டுப் டுப்’ என்று அடிக்கும் சத்தம், ஒரு காதில் மட்டும் விடாமல் கேட்கும் இரைச்சல், கூடவே தலைச்சுற்றலோ முகம் கோணலோ இருப்பது: இவற்றுக்கு ஸ்கேன் தேவையா என்று டாக்டர் பார்க்க வேண்டும். இரண்டு காதிலும் ஒரே மாதிரி இரைச்சல், வேறு தொந்தரவு எதுவும் இல்லை என்றால் ஸ்கேனுக்குச் செலவழிக்க அவசியமில்லை.

ஜூலை 21, திங்கள்

கேட்புச் சோதனையின் முடிவுத் தாளான ஆடியோகிராமைக் கையில் வைத்துக்கொண்டு, ‘நார்மல்னு போட்டிருக்கு, அப்புறம் ஏன் சத்தம்?’ என்று கேட்பவர்களுக்காக.

வழக்கமான சோதனை 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரைதான் பார்க்கிறது. அதற்கு மேலே உள்ள தேய்மானம் அந்தத் தாளில் வராது. சத்தத்தால் கெட்ட காதுக்கு ஒரு கையெழுத்து உண்டு: 4000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளம். குமாரபாளையம், சோமனூர் பக்கம் விசைத்தறியில் பல வருடம் நின்றவர்களின் தாளில் எதிர்பார்க்க வேண்டியது அதைத்தான். கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் 85 டெசிபலைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நயாஷ் சொல்லும் கணக்கில் 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். அதற்குமேல் 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும்: 88-ல் 4 மணி, 91-ல் 2 மணி, 94-ல் 1 மணி, 100-ல் கால் மணி. நம் தொழிற்சாலை விதி 8 மணிக்கு 90 வரை விடுகிறது. அந்த 5 டெசிபல் சின்ன வித்தியாசம் இல்லை.

தறி ஓடும்போது இரைச்சல் தெரியாது. வீட்டுக்கு வந்து படுத்தால்தான் தெரியும். காதின் நுண்மயிர் செல்கள் தேய்ந்து, மூளைக்குப் போகும் சமிக்ஞை குறைகிறது. குறைந்ததை ஈடுகட்ட மூளை தன் வால்யூமைக் கூட்டுகிறது. ஸ்டேஷன் சரியாகக் கிடைக்காத ரேடியோவில் வால்யூமைத் திருகினால் ‘உஸ்’ என்ற சத்தமும் சேர்ந்தே பெரிதாவதுபோல. அறை எவ்வளவு அமைதியோ அவ்வளவு திருகும். ஆகவே, சத்தத்துக்குப் பயந்து கதவு ஜன்னலைச் சாத்தி, காதையும் அடைத்துக்கொள்வது முதல் தப்பு. 2012-ல் வெளியான ஒரு சோதனையில், காது நன்றாகக் கேட்கும் 18 பேர் ஒரு காதை மட்டும் 7 நாள் அடைத்து வைத்திருந்தார்கள். 14 பேருக்கு இல்லாத சத்தம் கேட்கத் தொடங்கியது. அடைப்பை எடுத்ததும் போய்விட்டது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஆற்றங்கரையில் நிற்பவர்களுக்கு இன்று காதிரைச்சல் தெரியாது. அந்தத் தண்ணீர்ச் சத்தத்தை வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் சிகிச்சையின் முதல் பாதி.

போனில் மழையோ அருவியோ ஓடவிட்டு, படுக்கையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். தலையணைக்கு அடியில் வேண்டாம், இயர்போனும் வேண்டாம். இரைச்சல் முழுக்க மறையும்வரை சத்தத்தைக் கூட்டுவதுதான் எல்லோரும் செய்வது. கேட்காத ஒன்றுக்கு மூளை பழகாது. நிறுத்திய நிமிடம் இரைச்சல் பழையபடி வந்து நிற்கும். மெதுவாகக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு இடத்தில் இரண்டும் கலக்க ஆரம்பிக்கும். அங்கிருந்து ஒரு படி இறக்குங்கள். மழையும் கேட்க வேண்டும், அதற்குப் பின்னால் இரைச்சலும் லேசாகக் கேட்க வேண்டும்.

கெட்டுப்போவது சின்ன விஷயங்களில். பத்து விநாடி ஒலியைத் திரும்பத் திரும்ப ஓட்டினால், ஒட்டுப்போட்ட இடத்தை மூளை கண்டுபிடித்து அதற்காகவே காத்திருக்கும். குறைந்தது அரை மணி நேர ஒலிப்பதிவு வேண்டும். யூட்யூபில் போட்டால் ராத்திரி இரண்டு மணிக்கு நகைக்கடை விளம்பரம் அலறும். அலை ஓசையில் ஏற்ற இறக்கம் அதிகம், இறக்கத்தில் இரைச்சல் எட்டிப் பார்க்கும்; ஆரம்பத்தில் மழைதான் தோது. எல்லாச் சுருதியும் கலந்த ‘உஸ்’ ஒலியான வெண்ணிரைச்சல் சிலருக்குக் கூச்சமாக இருக்கும். உயர் சுருதி குறைந்த பிங்க் நாய்ஸ் அவர்களுக்கு ஒத்துப்போகும்.

இந்த முறையை ஒழுங்குபடுத்தியவர் பாவெல் யாஸ்ட்ரெபாஃப் என்ற நரம்பியல் ஆய்வாளர். அவருடைய கோட்பாடு 1990-ல் வந்தது. காதில் மாட்டும் ஒலிக்கருவியும் விரிவான விளக்கமும் சேர்ந்த சிகிச்சை அது, ஒன்று முதல் ஒன்றரை வருடம் ஆகும். ஆனால் 2019-ல் அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 151 பேரை வைத்து நடந்த சோதனையில் நிஜக் கருவி, போலிக் கருவி, வழக்கமான ஆலோசனை ஆகிய மூன்று குழுவுமே தேறின; சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதனால் விலை கூடிய ஒலிக்கருவியை யாராவது அவசரமாக விற்றால், வீட்டு ஃபேனை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

கேட்கும் திறன் குறைந்தவர்களுக்குக் காது மிஷின் வேறு கதை. அது வெளிச்சத்தத்தை உள்ளே கொண்டுவருவதால் மூளை திருகிய வால்யூம் இறங்க வழி கிடைக்கிறது. உயர் சுருதி மட்டும் போனவர்கள் காதை முழுக்க அடைக்காத, துளையுள்ள டோம் (காதுக்குள் போகும் ரப்பர் முனை) கேட்டு வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நல்லெண்ணெய் காய்ச்சிப் பூண்டு தட்டிப் போட்டுக் காதில் விடுவது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது நடுக்காதுக்குள் போகும். சூடு கூடினால் தோல் வெந்துவிடும். பட்ஸ் அழுக்கை எடுக்காது, உள்ளே தள்ளும். அழுக்கு அடைத்து வந்த இரைச்சல்தான் இருப்பதிலேயே சுலபமானது: கரைக்கும் சொட்டு மருந்து சில நாள், பிறகு டாக்டர் கையால் சுத்தம். அதோடு முடிந்தது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 முதல் மின்தடை. ஃபேன் நின்ற அந்த நொடியில் இரைச்சல் பாய்ந்து வரும். வியாதி முற்றிவிட்டது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இரைச்சல் கூடவில்லை, அதை மூடியிருந்த போர்வைதான் விலகியது.

மழை ஒலியைப் போனில் இறக்கி வைத்திருங்கள். கரண்ட் போனால் சில இடங்களில் நெட்வொர்க்கும் போகும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஃபேன் ‘கொர்ர்ர்’ என்று முனகும், அந்த முனகலே சிலருக்குப் புது எரிச்சல். சைன் வேவ் இன்வெர்ட்டரில் அது இல்லை. பழைய ஃபேனைக் கழற்றி சத்தம் குறைந்த பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டிய வாரத்தில் ‘இரைச்சல் அதிகமாயிடுச்சு’ என்றால் காரணம் காதில் இல்லை, மோட்டார் முனகல் போய்விட்டதில் இருக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

அளப்பது பற்றி. காலை எழுந்ததும் ‘இருக்கா?’ என்று உற்றுக் கேட்பது, பல் தேய்க்கும்போது ஒருமுறை, பஸ்ஸில் ஒருமுறை. ஒவ்வொரு சரிபார்ப்பும் ‘இது முக்கியமான சத்தம்’ என்று மூளைக்குப் பாடம் எடுக்கிறது. வாரம் ஒருமுறை, ஞாயிறு மாலை மட்டும் எழுதினால் போதும். எவ்வளவு சத்தம் என்று எழுத வேண்டாம். இந்த வாரம் எத்தனை ராத்திரி தூக்கம் கெட்டது, எந்த வேலையை நிறுத்த வைத்தது: இவ்வளவுதான். மாதம் ஒருமுறை, இரைச்சல் எவ்வளவு தொந்தரவு தருகிறது என்று அளக்கும் டி.எச்.ஐ. கேள்வித்தாள். 25 கேள்வி, ஆம் என்றால் 4, சில சமயம் என்றால் 2, இல்லை என்றால் 0. 16 வரை பொருட்படுத்த வேண்டியதில்லை, 38-லிருந்து 56 வரை நடுத்தரம், 58-லிருந்து 76 வரை கடுமை, 78-லிருந்து மிகக் கடுமை. தேறும்போது பெரும்பாலும் நடப்பது, சத்தம் அப்படியே இருக்க மதிப்பெண் மட்டும் இறங்குவது. ‘சத்தம் குறையவே இல்லை, ஆனா நெனப்பு வரல’ என்ற வாக்கியம் வந்தால் சிகிச்சை சரியான பாதையில் போகிறது.

மனநிலைப் பயிற்சிக்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில் 492 பேரோடு நடந்து 2012-ல் வெளியான ஆய்வில், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைச் சேர்த்துக் கொடுத்த குழு வழக்கமான சிகிச்சைக் குழுவைவிட நன்றாகத் தேறியது. ‘பைத்தியம்னு நினைக்கிறீங்களா?’ என்று கோபப்பட வேண்டாம். தூக்கம் வராமல் இருபது நிமிடம் புரண்டால் எழுந்து வேறு இடத்தில் உட்கார்வது, தூக்கம் வந்தபின் படுக்கைக்குத் திரும்புவது, எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுவது எல்லாம் அந்தச் சிகிச்சையின் துண்டுகள்தான்.

அக்டோபர் 5, ஞாயிறு

மாத்திரை. ஜிங்கோ மூலிகை, துத்தநாகம், மெலடோனின் ஆகியவற்றைக் காதிரைச்சலுக்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்க ஈ.என்.டி. சங்கத்தின் 2014 வழிகாட்டி சொல்கிறது. ‘7 நாளில் நிரந்தரத் தீர்வு’ சொட்டு மருந்தை நம்ப வேண்டாம் என்று சொல்ல வழிகாட்டியே தேவையில்லை. தலைகீழாக, அதிக அளவு ஆஸ்பிரின், குவினைன், ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாடிக் ஊசி, புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் ஆகியவை இரைச்சலைக் கிளப்பக்கூடும். கிளப்பினால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். காபியை விட்டே ஆக வேண்டும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. திடீரென்று விட்டால் தலைவலிதான் மிச்சம்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. பட்டாசுக்கான சட்ட வரம்பு, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல். வரம்புக்குள் வெடித்தாலும் பக்கத்தில் நிற்கும் காதுக்கு அது அதிகம். காலை 6-7, இரவு 7-8 என்று நேரம் வைத்திருப்பது காதிரைச்சல் உள்ளவர்களுக்கு ஒரு வசதி: அந்த நேரத்தில் காதடைப்பான் போட்டு, முடிந்ததும் கழற்றிவிடலாம். ஊர் அந்த நேரத்தை மதிக்கிறதா என்பது வேறு.

பஞ்சு கிட்டத்தட்ட எதையும் தடுக்காது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஃபோம் அடைப்பானை விரலால் உருட்டி மெல்லிசாக்கி, எதிர்க்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சரியாகப் போகவில்லை. உறையில் 29 டெசிபல் என்று போட்டிருந்தால் நடைமுறையில் பாதிதான் கிடைக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மிக்ஸி, பாத்திரச் சத்தம், குழந்தை அழுகைக்கெல்லாம் இதைப் போட்டால் காதின் கூச்சம் கூடும்.

அக்டோபர் 27, திங்கள்

எதிர்பார்த்தபடி, ‘எல்லாம் போச்சு, பழைய நிலைக்கு வந்துட்டேன்’ வாரம். வெடிச்சத்தம், ராத்திரி விழிப்பு, ஐப்பசிச் சளி மூன்றும் சேர்ந்த ஏற்றம் இது. பெரும்பாலும் சில நாளில், அதிகம் போனால் இரண்டு வாரத்தில் வடிந்துவிடும். மழை ஒலியை ஒரு படி ஏற்றிக்கொள்ளுங்கள், வேறெதையும் மாற்ற வேண்டாம். வடிந்தபின் அந்தப் படியை இறக்க மறக்கக் கூடாது. அநேகம் பேர் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். வெடிக்குப் பிறகு கேட்கும் திறனே மந்தமானவர்கள் மட்டும் ஜூலை 18 குறிப்பைப் பார்த்து உடனே கிளம்ப வேண்டும்.

நவம்பர் 23, ஞாயிறு

நிசப்தத்துக்குத் திரும்பும் ஏணி. டி.எச்.ஐ. 36-க்குக் கீழே வந்து ஒரு மாதமானவர்களுக்கு மட்டும்.

ராத்திரியில் தொடங்கக் கூடாது. பகலில், வெளிச்சத்தில், கைக்கு வேலை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம்: முருங்கைக்கீரை உருவுவது, பூக் கட்டுவது, துணி மடிப்பது. சும்மா கண்ணை மூடி உட்கார்ந்தால் அது நிசப்தப் பயிற்சியாகாது, இரைச்சலைக் கேட்கும் பயிற்சியாகிவிடும். ஒரு வாரம் ஐந்து நிமிடம், அடுத்த வாரம் பத்து, பிறகு இருபது. ராத்திரிக்கு வேறு கணக்கு. முதலில் போன் ஒலியை வாரத்துக்கு ஒரு படி இறக்கி நிறுத்துங்கள், ஃபேன் மட்டும் மிஞ்சும். பிறகு ரெகுலேட்டர் 5-லிருந்து 4, ஒரு வாரம். 4-லிருந்து 3, ஒரு வாரம். தொடர்ந்து மூன்று ராத்திரி தூக்கம் கெட்டால் ஒரு படி மேலே ஏறுங்கள். ஒரு ராத்திரி கெட்டதற்கெல்லாம் ஏறக் கூடாது.

1953-ல் ஹெல்லர், பெர்க்மன் என்ற ஆய்வாளர்கள் காது நன்றாகக் கேட்கும் 80 பேரைச் சத்தம் புகாத அறையில் உட்கார வைத்தார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். ‘முன்னாடி எனக்கு நிசப்தம் இருந்துச்சு’ என்பவர்களுக்குக்கூட அப்போது இருந்தது சுத்த நிசப்தமாக இருந்திருக்காது; கவனிக்காமல் விட்டிருப்பார்கள். ஏணியின் உச்சியில் எதிர்பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி முதல் நாள். விதிப்படி காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. நாலரைக்கே திருப்பாவை வந்துவிட்டது. அது இருக்கட்டும். குளிர் வந்ததால் வீட்டில் உள்ளவர்களே ‘ஃபேனை அணை’ என்கிறார்கள், ரெகுலேட்டரில் 2-க்கு வந்தவர்களுக்கு இதைவிட நல்ல மாதம் வராது. அணைப்பதற்கு முன் ஜன்னலை ஒரு சாண் திறந்து வையுங்கள். சில்வண்டு, தூரத்து லாரி, நாய் எல்லாம் உள்ளே வரும். படுத்து முதல் அரை மணி நேரம் ஃபேன் 1-ல், பிறகு டைமரில் தானாக நிற்கட்டும். ரிமோட் ஃபேனில் டைமர் பொத்தான் இருக்கும். ஃபேன் நிற்பதற்குள் தூங்கிவிட்டால், நடுராத்திரி விழிப்பு வந்தாலும் நிசப்தத்துக்கு நடுவில்தான் விழிப்பீர்கள். அப்போது மணி பார்க்க வேண்டாம், போனையும் தொட வேண்டாம்.

2026 ஜனவரி 4, ஞாயிறு

வந்த கேள்வி ஒன்றுதான்: ‘மூணு நாளா ஃபேன் இல்லாம தூங்குறேன். வாராந்திரக் குறிப்பு எழுதணுமா?’ வேண்டாம். மாதக் கேள்வித்தாளும் இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். பங்குனி வெயிலில் ஃபேன் திரும்ப ஓடும், அதைப் பின்னடைவு என்று எண்ண வேண்டாம். காதடைப்பான் டப்பா மட்டும் பையில் இருக்கட்டும். தை பிறந்தால் கல்யாண மண்டபம், மேளத்துக்கு இரண்டு வரிசை தள்ளி உட்காரவும்.